பழைய ராணுவ ரைபிளுக்குக் கட்டுபடியாகிற விலையில் தோட்டா கிடைக்குமா?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறேன். என்னிடம் ஒரு மோசின் நாகன்ட் 91/30, ஒரு லீ என்ஃபீல்ட் நம்பர் 4 இருக்கின்றன. மாதம் இரண்டு தடவை ரேஞ்சுக்குப் போகிறேன். தோட்டா ஒன்றுக்கு ஒரு டாலர் போகிறது. அந்தக் காலத்தில் டப்பா டப்பாவாக வாங்கினோம், சில்லறைக் காசுதான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சரக்கு இப்போது எங்கே கிடைக்கும்?"

அந்தச் சரக்கு தீர்ந்துவிட்டது. தேடி அலைய வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மலிவாகச் சுட வழியே இல்லை என்று அர்த்தமில்லை. வழி வேறு இடத்துக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. 2010 வாக்கில்கூட மோசினுக்குரிய 7.62×54ஆர் தோட்டா 440 அடைத்த தகர டப்பா 80 டாலர் அளவில் கிடைத்தது. ஒரு தோட்டா 20 சென்டுக்கும் கீழே. மீன் டின்னைப் போலவே திறக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை 'ஸ்பாம் கேன்' என்பார்கள். மரப்பெட்டிக்கு இரண்டு டப்பா, மொத்தம் 880 தோட்டா, கூடவே திறக்க ஒரு இரும்புக் கத்தி. மோசின் ரைபிளே அப்போது 100 டாலருக்குள் வந்தது.

எங்கிருந்து வந்தது அவ்வளவு சரக்கு? 1968 துப்பாக்கிச் சட்டம் ராணுவம் கழித்துவிட்ட 'சர்ப்ளஸ்' ரைபிள் இறக்குமதியை அடைத்தது. 1980களின் நடுவில் பழஞ்சேகரிப்பு ரைபிள்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பனிப்போரும் முடிந்தது. சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பாவும் அடுத்த உலகப்போருக்கென்று கிடங்கு கிடங்காகச் சேர்த்து வைத்திருந்தது, எடைக்குப் போடுகிற விலையில் கப்பலேறியது. நாம் இருபது வருடம் சுட்டோம். யாரும் அதை மறுபடி நிரப்பவில்லை. நிரப்ப அவர்களுக்கு என்ன அவசியம்? சீனத் தோட்டாக்கள் 1994லேயே தடைக்குள் போய்விட்டன. 2021 ஆகஸ்டில், ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் வைக்கப்பட்ட விவகாரத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்த தடையால் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி நின்றது. துலா, பார்னவுல் தொழிற்சாலைகளின் சரக்கெல்லாம் அதில் அடக்கம். மறு வருடமே உக்ரைன் போர். 7.62×54ஆர் 1891இல் பிறந்த தோட்டாவாக இருந்தாலும் இன்றும் பிகே இயந்திரத் துப்பாக்கி தின்பது அதைத்தான். மிச்சமிருந்ததும் அங்கே திரும்பிவிட்டது.

அதனால் இப்போது 'பழைய ஸ்டாக்' என்று கண்காட்சிகளில் வருவது பெரும்பாலும் யாரோ ஒருவர் தன் கராஜில் பதுக்கி வைத்திருந்தது. விலையும் பழைய விலையில்லை. அதை வாங்கலாமா என்றால், கணக்குப் போட்டுப் பார்த்துத்தான்.

அந்தக் கணக்கில் முதலில் வருவது உப்பு. பழைய ராணுவத் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கிற அடிப்பக்க மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலுக்குள் படிந்துவிடும். அது சமையல் உப்பின் சகோதரன். மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படி நீர்விடும்? அதேபோலக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. துப்பாக்கி எண்ணெயால் எத்தனை தடவை துடைத்தாலும் உப்பு எண்ணெய்க்கு அடியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். தண்ணீர்தான் மருந்து. சுடுதண்ணீரைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றி, போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் தண்டு) முகத்தையும் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் அடித்தால் போதும் என்று ரேஞ்சில் நாலு பேர் சொல்வார்கள். அதில் வேலை செய்வது அம்மோனியா இல்லை, அதிலுள்ள தண்ணீர்தான். காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

நான் ஒரு தடவை சோம்பல்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை சுட்டுவிட்டு, நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று மோசினைச் சுவரில் சாய்த்து வைத்தேன். நாளை வியாழக்கிழமை ஆகிவிட்டது. வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டு இழுத்தபோது துணி செங்கல் பொடி பூசினதுபோல வந்தது. தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பைக் கொஞ்சம் மீட்டேன், ஆனால் வெளிச்சத்தில் பார்த்தால் பொட்டுப் பொட்டாகக் குழிகள் இன்றும் தெரியும். 20 சென்ட் தோட்டாவின் உண்மையான விலை அது. போல்ட் ஆக்ஷன் ரைபிள் என்பதால் அந்த மட்டில் முடிந்தது. எஸ்கேஎஸ், எம்1 கேரண்ட் மாதிரி வாயுவில் இயங்குகிற ரைபிளாக இருந்தால் பிஸ்டன், வாயு உருளை எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும்.

எந்தப் பழைய தோட்டாவில் உப்பு இல்லை? அமெரிக்க .30 கார்பைன் ஆரம்பத்திலிருந்தே உப்பில்லாப் பிரைமரோடு செய்யப்பட்டது. கிரேக்க நாட்டு எச்எக்ஸ்பி முத்திரையுள்ள .30-06, சுவிஸ் ஜிபி11 இரண்டும் அப்படியே. அமெரிக்க .30-06 ராணுவத் தோட்டாக்கள் 1950களின் தொடக்கத்தில் மாறின, ஆனால் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வருடம் வித்தியாசப்படும். தெரியாத பழைய தோட்டா எதுவானாலும் உப்புள்ளது என்றே வைத்துக்கொண்டு கழுவிவிடுங்கள். கழுவுவதால் ஒன்றும் கெட்டுப்போகாது.

தோட்டாவின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப் பழகுங்கள். சோவியத் தோட்டாவில் இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று தொழிற்சாலை, இன்னொன்று வருடம். 17 என்றால் பார்னவுல், 60 என்றால் அந்நாளைய ஃப்ரூன்ஸே (இன்றைய பிஷ்கெக்), 188 என்றால் நோவோசிபிர்ஸ்க். 10 என்று இருந்தால் அது பல்கேரியச் சரக்கு. 'கேஎஃப்' என்று லீ என்ஃபீல்டுக்குரிய .303இல் பார்த்தால் நம்ம ஊர்க் கிர்க்கி தொழிற்சாலை, புனே பக்கம். இவையெல்லாம் தெரிந்திருந்தால், 'அபூர்வமான ஜெர்மன் ஸ்டாக்' என்று மேஜையில் அட்டை எழுதி வைத்திருப்பவரிடம் ஏமாற மாட்டீர்கள்.

.303 விஷயத்தில் தனியாக ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் மார்க் 7 தோட்டாவில் வெடிமருந்து என்று இருப்பது பொடியில்லை, கார்டைட். ஒரு தோட்டாவைப் பிரித்துப் பார்த்தால் சேமியாக் கட்டை உள்ளே செருகினதுபோல மஞ்சள் பழுப்பில் நீள நீளமாக இருக்கும். பார்க்க அழகு. ஆனால் சூடு அதிகம், குழலை அரிக்கும், பிரைமரும் உப்பு. இதற்கு மேல், எழுபது எண்பது வருடம் எங்கேயோ வெயிலில் கிடந்து வந்த லாட்டுகளில் 'ஹேங்ஃபயர்' சகஜம்.

அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு நண்பர் ஐம்பது தோட்டா இனாமாகக் கொடுத்தார். நான் ஏழாவதோ எட்டாவதோ சுடுகிறேன். விசையை இழுத்தேன், 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. சரி, செத்த தோட்டா என்று கை போல்ட் பக்கம் போகிற நேரத்தில் 'டமார்' என்று தோளில் இடித்தது. ஒரு மூச்சு விடுகிற இடைவெளிதான். அதற்குள் போல்ட்டைத் தூக்கியிருந்தால் இந்தப் பதிலை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருக்க மாட்டேன். வெடிக்காத தோட்டா என்றால் குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு குறைந்தது 30 வினாடி எண்ணுங்கள், அதற்குப்பிறகுதான் திறக்க வேண்டும். மிச்சம் நாற்பத்திச் சொச்சம் தோட்டாவை நான் சுடவில்லை. இனாம் சரக்குக்குக் கூட ஒரு விலை உண்டு.

இன்னொரு தொல்லை காந்தம். பழைய கிழக்கு ஐரோப்பிய 7.62×54ஆர் குண்டுகளில் (தோட்டாவின் முனையிலிருந்து பறந்துபோகிற பகுதி) பலவற்றின் உள்ளே எஃகு உண்டு. எஃகில்லாத பலவற்றிலும் மேலுறை செம்பு பூசிய எஃகாக இருக்கும். பல ரேஞ்சுகளில் வாசலிலேயே காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் உள்ளே விட மாட்டார்கள். இலக்குத் தகடு குழியாகும், வெளிப்புற ரேஞ்சாக இருந்தால் பொறி பறந்து காய்ந்த புல்லில் தீ பிடிக்கும் என்று அவர்களுக்குப் பயம், நியாயமான பயம்தான். வாங்குமுன் உங்கள் ரேஞ்ச் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுட இடமில்லாத 440 தோட்டா என்ன மலிவு?

சரி, புதிதாகச் செய்யப்படுவதில் என்ன இருக்கிறது? இந்தப் பொழுதுபோக்கை இன்று உயிரோடு வைத்திருப்பது செர்பியாவின் உஷிட்சே நகரத்தில் இருக்கும் பிர்வி பார்ட்டிசான் என்றே சொல்லலாம். பிபியு என்று பெட்டியில் இருக்கும். 1928இல் தொடங்கிய தொழிற்சாலை. மற்றவர்கள் கைவிட்ட அளவுகளை எல்லாம் இன்னும் செய்கிறார்கள்: .303, 7.62×54ஆர், 8 மிமீ மவுசர், சுவிஸ் 7.5, பிரெஞ்சு 7.5, ஜப்பானிய 7.7, இத்தாலிய கார்க்கானோ 6.5, ஸ்டயர் ரைபிளுக்கான 8×56ஆர் வரை. உப்பில்லாப் பிரைமர், பித்தளைக் கேஸ் (மருந்தும் குண்டும் அடைகிற கூடு), மறுபடி நிரப்பக்கூடியது. செக் நாட்டின் செல்லியர் அண்ட் பெல்லோவும் நல்ல சரக்கு, 1825இலிருந்து இருக்கிறார்கள். இவை தோட்டா ஒரு டாலரைச் சுற்றியும் மேலேயும் போகும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு டாலரில் பாதியை நீங்கள் கீழே போட்டுவிட்டு வருகிறீர்கள். அந்தப் பித்தளைக் கேஸ்!

இங்கேதான் பாக்ஸர், பெர்டான் என்ற இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெர்டான் வகைக் கேஸின் உள்ளே அடியில் இரண்டு சின்னத் துளை, நடுவில் ஒரு மேடு. பழைய பிரைமரை வெளியே தள்ளுவது பெரும்பாடு. பாக்ஸர் வகையில் நடுவில் ஒரே துளை, ஒரு ஊசியை விட்டுத் தள்ளினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா பிடித்துக்கொண்டது பாக்ஸரை, ஐரோப்பிய ராணுவங்கள் பிடித்துக்கொண்டது பெர்டானை. சர்ப்ளஸ் தோட்டா பெரும்பாலும் எஃகுக் கேஸ், பெர்டான். சுட்டதும் குப்பை. பிபியு பித்தளை, பாக்ஸர். சுட்டதும் சொத்து.

அப்படியானால் சுட்ட கேஸை நாமே மறுபடி நிரப்புகிற ரீலோடிங் செய்தால் பாதி விலையா? எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். முழு வேகத் தோட்டாவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பவுண்டு மருந்தில் 7000 கிரெயின். .303க்கு ஏறக்குறைய 40 கிரெயின் போனால் ஒரு பவுண்டு 175 தோட்டாவுக்கு வரும். பவுண்டு 45 டாலர் என்றால் மருந்து மட்டும் 26 சென்ட். செம்பு மேலுறைக் குண்டு ஒரு 40 சென்ட், பிரைமர் 8, 10 சென்ட். எல்லாம் சேர்த்து 75 சென்டைத் தொட்டுவிடும். கடைத் தோட்டாவுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் அச்சுக்கும் பிரஸ்ஸுக்கும் தராசுக்கும் போட்ட பணத்தை எடுக்கவே ஆயிரக்கணக்கில் சுட வேண்டும்.

உண்மையான மலிவு ஈயக்குண்டில் இருக்கிறது. வார்த்த ஈயக்குண்டு, மெதுவான வேகம், வேகமாக எரிகிற கைத்துப்பாக்கி மருந்து, அதுவும் முழுத் தோட்டாவுக்குப் போகிறதில் மூன்றில் ஒரு பங்குக்குள். வெளியில் வாங்கினாலே குண்டு 15 சென்ட் அளவில் முடியும், நீங்களே வார்த்தால் இன்னும் கீழே. மருந்து 6, 7 சென்ட், பிரைமர் 10. ஒரு தோட்டா 30 சென்டைச் சுற்றி. 100 கஜத்தில் காகித இலக்கைச் சுட இது தாராளம். தோள் வலிக்காது, குழல் தேயாது, கேஸும் நீடித்து உழைக்கும். மோசினின் உதையை அனுபவித்தவர்களுக்கு இது வேறு ரைபிள் மாதிரி இருக்கும். நான் இப்போது சுடுவதில் பத்துக்கு எட்டு இப்படித்தான்.

இதில் இரண்டு விஷயம் கவனம். பழைய ராணுவக் குழல்கள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. .303 என்று பெயர், ஆனால் குழலின் உள்ளே செதுக்கிய பள்ளத்துக்குப் பள்ளம் விட்டம் .311 அங்குலத்திலிருந்து .315 வரை பார்க்கலாம். மெத்தென்ற ஈயக் கட்டி ஒன்றைக் குழலுக்குள் தட்டி நுழைத்து, மறுபக்கம் வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து, அதைவிட ஒன்றிரண்டு ஆயிரத்தில் ஒரு அங்குலம் பெரிய குண்டு வாங்குங்கள். சிறிய குண்டு குழல் முழுக்க ஈயத்தை அப்பிவிட்டு இலக்கில் குறுக்குவாட்டில் போய் விழும். இரண்டாவது ஆபத்து: கொஞ்சமாகப் போடுகிற மருந்து பெரிய கேஸுக்குள் அடியில் கிடக்கும். கவனம் பிசகி இரண்டு தடவை போட்டாலும் வழியாது, கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. ரைபிள் வெடித்துவிடும். மருந்து போட்ட கேஸ்களைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, விளக்குப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்த்தபிறகே குண்டு வையுங்கள். அளவை அச்சிட்ட ரீலோடிங் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். யாரோ சொன்னார், நான் சொன்னேன் என்றெல்லாம் எடுக்க வேண்டாம்.

உங்கள் என்ஃபீல்டுக்கு இன்னொரு குணம் உண்டு. போர்க்களச் சேற்றோடு வந்த தோட்டாவும் நுழைய வேண்டும் என்று தோட்டா உட்காருகிற அதன் அறையைத் தாராளமாகக் குடைந்திருப்பார்கள். தோட்டா அடிப்பக்க விளிம்பில் நிற்பதால் சுடுவதில் பிரச்சினை இல்லை. ஆனால் கேஸ் முன்பக்கம் நீண்டு, அடியிலிருந்து ஒரு விரல் நகம் அளவு மேலே உள்ளுக்குள் மெலிந்துவிடும். மூன்று நான்கு தடவை நிரப்பியதும் அங்கேயே இரண்டாக முறியும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை வளைத்துக் கேஸுக்குள் விட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள். பள்ளத்தில் தட்டுப்பட்டால் அந்தக் கேஸை நசுக்கித் தூக்கிப் போடுங்கள். நிரப்புமுன் அச்சில் முழுக் கேஸையும் அழுத்தாமல் கழுத்தை மட்டும் அழுத்தினால், கேஸ் உங்கள் அறையின் வடிவத்திலேயே இருந்து பல தடவை உழைக்கும். அப்படி நிரப்பியது அந்த ஒரு ரைபிளுக்கு மட்டுமே என்று பெட்டியில் எழுதி வையுங்கள்.

இன்னும் ரைபிள் வாங்காதவர்கள் யாராவது இதைப் படித்தால்: தோட்டாவைப் பார்த்துவிட்டு ரைபிளைத் தேர்ந்தெடுங்கள். இஷாப்பூர் 2ஏ1 பார்க்க என்ஃபீல்ட்தான், ஆனால் 1960களில் இந்தியாவில் 7.62 நேட்டோவுக்கென்றே புதிதாக, உறுதியான எஃகில் செய்தது. அதற்குரிய தோட்டா உலகத்தில் எல்லோரும் இன்னும் செய்கிறார்கள். சாதாரண 147 கிரெயின் ராணுவ வகையே போதும், வேட்டைக்கான முறுக்கேறிய .308 வேண்டாம். எம்1 கேரண்டும் அப்படித்தான்: கனமான நவீன வேட்டைத் தோட்டா அதன் இயக்கத் தண்டை வளைத்துவிடும், பெட்டியில் 'எம்1 கேரண்ட்' என்று போட்டதையே வாங்குங்கள். 8 மிமீ மவுசரில் அமெரிக்கக் கம்பெனிகள் வேண்டுமென்றே மென்மையாகச் செய்கின்றன. இன்றைய குண்டைவிடச் சிறிய .318 அங்குலக் குழலுள்ள ஆதிகால ரைபிளில் யாராவது போட்டுவிடுவார்களோ என்ற பயம். குறை சொல்வார்கள், எனக்கு அது பிடிக்கும். சுவிஸ் கே31 அற்புதமான ரைபிள், ஜிபி11 தோட்டா அதைவிட அற்புதம். ஆனால் மலிவுக் காலம் அதற்கும் போய்விட்டது.

வாங்குகிற முறையில் ஒரு விஷயம். பெட்டி விலையைப் பார்க்காதீர்கள். வரி, அனுப்பும் செலவு எல்லாவற்றையும் கூட்டி, தோட்டா எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 20 தோட்டாவை இணையத்தில் வாங்கினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பிரைமரும் மருந்தும் தபாலில் வாங்கினால் ஆபத்துப் பொருள் கட்டணம் என்று ஆர்டருக்கு ஒரு தொகை தனியாக விழும். ரேஞ்சில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வதே சரி. பழஞ்சேகரிப்பாளர் உரிமம் என்று 30 டாலரில் மூன்று வருடத்துக்கு ஒன்று கிடைக்கிறது. அது ரைபிளுக்குத்தான், தோட்டாவுக்குத் தேவையில்லை. ஆனாலும் அதைக் காட்டினால் சில கடைகள் தள்ளுபடி தருகின்றன.

சட்டம். உங்களுக்குக் கிரீன் கார்டு இருக்கிறது, பிரச்சினை இல்லை. ஆனால் உங்களோடு ரேஞ்சுக்கு வருகிற எச்1பி நண்பருக்குச் சொல்லிவையுங்கள்: குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. விளையாட்டாக அவர் காரில் ஒரு பெட்டியை விட்டுவைக்க வேண்டாம். கலிஃபோர்னியா, நியூயார்க் மாதிரி மாநிலங்கள் தோட்டா வாங்கவே பின்னணிச் சரிபார்ப்பைக் கொண்டுவந்தவை, அங்கே இருந்தால் ஆர்டர் போடுமுன் அன்றைய விதியைப் பாருங்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை ஊருக்குப் போகும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். பையின் மடிப்பில் ஒரே ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடுவார்கள். விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கையில் விமானம் போய்விடும்.

உங்கள் இரண்டு ரைபிளுக்கு நான் என்ன செய்வேன் என்றால்: .303இல் பிபியு 200, 7.62×54ஆரில் பித்தளைக் கேஸ் உள்ளது 200, மொத்தமாக ஒரே ஆர்டரில் வாங்குவேன். சர்ப்ளஸ் டப்பா எதையும் தொடமாட்டேன். இரண்டு மூன்று மாதம் அவற்றைச் சுட்டுக் கேஸ்களைச் சேர்ப்பேன். அதற்குள் கையால் இயக்குகிற ஒரு சாதாரணப் பிரஸ்ஸும் கையேடும் வாங்கி, ரீலோடிங் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகுவேன். ரேஞ்சுக்குப் போகும்போது ஒரு பழைய போர்வையை எடுத்துப்போய் வலப்பக்கம் விரித்துவிடுங்கள். போல்ட்டை நிதானமாக இழுத்தால் கேஸ் அதில்தான் விழும். புல்லில் தேடுகிற வேலை மிச்சம்.